கடலோரத்துச் சித்திரக்காரரும் காஞ்சித் தறியும்

காஞ்சிமாநகரத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனாகிய தொண்டைமான் இளந்திரையன் இந்நகரில் வீற்றிருந்து அரசாண்டவன். திரை என்றால் அலை. அலையால் கொணரப்பட்டவன் ஆதலின் அப்பெயர் வந்தது என்பது பழைய வழக்கு. காஞ்சிப் பட்டில் இன்றும் தாழம்பூ ரேக்கு நெய்கிறார்கள். தாழையோ கடலோரத்துச் செடி. சேலையின் ஓரத்துக்கும் நம்மவர்கள் 'கரை' என்றல்லவா பெயர் வைத்திருக்கிறார்கள்! ஆகையால், கடற்கரையில் வளர்ந்து, சிறைக்குச் சென்று, பிற்பாடு தறியண்டை வந்து சேர்ந்த ஒரு சித்திரக்காரரைப் பற்றிக் காஞ்சியை முன்னிட்டுப் பேசுவது அவ்வளவு பொருத்தமில்லாத காரியம் அன்று.

அவர்தான் ஸ்ரீ கே. ஜி. சுப்பிரமணியன். 1924ஆம் வருஷம் வட மலையாளத்தில் கூத்துப்பறம்பில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தார். வளர்ந்தது மாஹேயில். சுற்றிலும் ஆங்கிலேய ஆட்சி, நடுவே பிரெஞ்சுக் கொடி. ஒரு புறம் மய்யழி ஆறு, எதிரே அரபிக் கடல். இத்தகைய ஊரில் வளரும் பிள்ளைக்கு எந்த எல்லைக்கோடும் மனிதர் போட்டதுதான் என்ற எண்ணம் சீக்கிரமே தோன்றிவிடும் என்பது நமது அபிப்பிராயம். பின்னாளில் ஓவியத்துக்கும் கைத்தொழிலுக்கும் நடுவே உலகத்தார் போட்டிருந்த கோட்டை அவர் சட்டை செய்யாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சென்னை ராஜதானிக் கல்லூரியில் அவர் படித்தது பொருளாதார சாஸ்திரம். 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் பிறந்தது. காந்தியடிகளின் எழுத்தில் தோய்ந்திருந்த அந்த வாலிபர் இயக்கத்தில் குதித்தார். ஆறு மாதம் சிறைவாசம் கிடைத்தது. வெளியே வந்தபோது சர்க்கார் கல்லூரிக் கதவுகள் சாத்தப்பட்டிருந்தன. அன்னிய சர்க்கார் நம் தேசத்துக்குத் தெரியாமல் செய்த நன்மைகளில் இதை ஒன்றாகக் கணக்கிடலாம். ஒரு குமாஸ்தாவோ கலெக்டரோ ஆகியிருக்க வேண்டியவர், 1944இல் சாந்திநிகேதனத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் நந்தலால் போஸ், வினோத விஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பேஜ். உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகக் காந்தியடிகள் கோலூன்றிக் கடலை நோக்கி நடந்ததை 1930இல் கறுப்பு வெள்ளைச் செதுக்குப் படமாக அச்சிட்டவர் நந்தலால் போஸ்தான். 1938இல் ஹரிபுரா காங்கிரஸ் பந்தலுக்கு உழவர், தச்சர், பறை கொட்டுவோர் முதலியோரைத் தீட்டித் தந்தவரும் அவரே. கலையும் தேசத்தொண்டும் வேறல்ல என்பதை மாணவர் உபதேசமாகக் கேட்கவில்லை, கண்ணால் கண்டார்.

பரோடா சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்தவர், 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புத் துறையின் துணை டைரக்டராகப் பம்பாயில் பணியாற்றினார். சித்திரக்காரர்களை நெசவாளர்களோடு உட்கார வைத்து வேலை செய்யும் நெசவாளர் சேவை மையங்கள் அப்போது தொடங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. அவ்வகை மையம் ஒன்று காஞ்சியிலும் இருக்கிறது.

சித்திரம் தறிக்குப் போவது லேசான சங்கதியன்று. காகிதத்தில் ஓவியர் ஒரு மயிலின் கழுத்தை ஒரே வீச்சில் வளைத்துவிடலாம். தறிக்கு வளைவு என்பதே தெரியாது. அதற்குத் தெரிந்தவை பாவும் ஊடையும்தான். ஆகவே மயிலைக் கட்டம் போட்ட தாளில் ஏற்றி, எந்த இழை மேலே நிற்கிறது, எது கீழே போகிறது என்று ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். முற்காலத்தில் இந்தக் கணக்கை நூலால் 'அடை' கட்டி வைத்தார்கள். பிறகு துளையிட்ட அட்டைகளுடன் ஜக்கார்டு வந்தது. கோர்வைச் சேலையாக இருந்தால் இன்னும் சிரமம். உடலுக்கு ஒரு நிறம், இரு கரைகளுக்கும் வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். குழித்தறியில் நெசவாளர் ஒருவர் அமர, கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். பட்டு கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. உடலும் கரையும் பிரியாமல் பிணையும் வித்தை மட்டும் காஞ்சிக்காரர் கையில் இருக்கிறது. கல்யாணத்துக்குச் சேலை எடுக்கும் நம் வீட்டுப் பெண்மணிகள் கரையைக் கையால் தடவிப் பார்ப்பது வீண் அல்ல.

ஸ்ரீ சுப்பிரமணியன் தறியை விட்ட பிறகும் இந்தப் புத்தி அவரை விடவில்லை. சிறு துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்குவது அவர் வழி. லக்னோ ரவீந்திராலயத்தில் 1963இல் தாகூரின் நாடகம் ஒன்றைச் சுட்ட மண் ஓடுகளால் நீண்ட சுவர்ச் சித்திரமாக்கினார். 1971இல் வங்காள தேசத்தில் ரத்தம் சிந்தியபோது, பதக்கம் தரித்த தளபதிகளையும் சிதைந்த உடல்களையும் அதே மண்ணில் உருவாக்கினார். கூட்டம் கூட்டிப் பேசும் சுபாவம் அதில் இல்லை. ஆனால் அந்தப் பதக்கங்களைப் பார்த்தவர் நிம்மதியாக வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். குழந்தைகளுக்குப் படப் புத்தகங்களும், பரோடாக் கலைச் சந்தைக்குப் பொம்மைகளும் செய்தவர் கையும் அதே கைதான்.

2012இல் பத்மவிபூஷண் விருது கிடைத்தது. அதே ஆண்டில் 36 அடி நீளத்தில் போரைப் பற்றி ஓர் ஓவியம் எழுதினார்; அப்போது பிராயம் 88. 2016 ஜூன் 29ஆந் தேதி பரோடாவில் காலமானார். சாந்திநிகேதனக் கலாபவனத்தில் ஒரு கட்டடத்தின் வெளிச்சுவர்களில் 1990இல் அவர் கறுப்பு வெள்ளையில் தீட்டிய சித்திரங்களை, 2009இல், 85 வயதில், தாமே சாரத்தில் ஏறி நின்று மறுபடி புதிதாக வரைந்து கொடுத்திருந்தார்.