உதிரிப் பூவா, தொடுத்த சரமா?



நம் வேங்கிக்காலுக்கு அருகிலுள்ள திருவண்ணாமலை கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் நடப்போர் ஒவ்வோர் அடியையுமா மனத்தில் வைத்திருக்கிறார்கள்? இல்லை. "இந்திர லிங்கம் தாண்டியாயிற்று, அடுத்தது அக்கினி லிங்கம்" என்று வழியை எட்டுப் பகுதிகளாகவே அறிகிறார்கள். இசை பயில்வோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

ஒரு விழாவில் தோழி ஒருத்தியின் பாட்டுக்கு நான் கீபோர்டு வாசித்தேன். அன்று அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "சுருதியைச் சற்று இறக்குகிறாயா?" என்று கேட்டாள். நானோ கார்டுகளை ஒவ்வொன்றாக உருப்போட்டிருந்தேன். சுருதி மாறியதும் எல்லாம் மறந்துபோயிற்று. பாட்டு பாதியில் நின்றது. அவள் கண்கள் கலங்கியதை நான் மறக்கவில்லை.

மூன்று நான்கு சுரங்கள் ஒருசேர ஒலிப்பதே கார்டு. அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த ஜாஸ் இசையில் கார்டுகள் விரைந்து மாறும். கலைஞர்களோ தாளைப் பாராமலே வாசிப்பார்கள். எப்படி? கார்டுகளைத் தனித்தனியாக அல்ல, தொடர்களாகவே நினைவில் வைக்கிறார்கள்.

அவற்றுள் மிகப் பழக்கமானது மூன்று கார்டுகள் கொண்ட ஒரு தொடர். நம் சுரங்களில் சொன்னால் ரி, ப, ஸ ஆகியவற்றின் மேல் அமைந்த கார்டுகள். 'ரி' வீடு திரும்பும் வழி, 'ப' வாசற்படி, 'ஸ' வீடு. மூன்றும் சேர்ந்து ஒரே சொல்லாகிவிடுகின்றன.

ஜார்ஜ் கெர்ஷ்வின் 1930-இல் இசையமைத்த 'ஐ காட் ரிதம்' பாட்டைப் பாருங்கள். ஜாஸ் கலைஞர்கள் வாசிக்கும் வடிவில் அது 32 பார் கொண்டது; அதாவது நான்கு எட்டுகள். முதல், இரண்டாம், நான்காம் எட்டுகளின் கார்டுகள் ஏறக்குறைய ஒன்றே. மூன்றாவது எட்டில் க, த, ரி, ப என்று நான்கே கார்டுகள். ஒவ்வொன்றும் இரண்டு பார். ஆகவே மனத்தில் இருத்த வேண்டியவை இரண்டே பகுதிகள்! இதே பாதையில்தான் டியூக் எலிங்டனின் 'காட்டன் டெயில்' (1940) முதலிய பல பாடல்கள் பிறந்தன. ஒன்றைக் கற்றவள் பலவற்றுக்கு வழி அறிந்தவள் ஆகிறாள்.

நம் நினைவு ஒரு சமயத்தில் ஏறத்தாழ ஏழு கூறுகளையே தாங்கும் என்று உளவியல் அறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். ஆனால் ஒவ்வொரு கூறும் எவ்வளவு பெரியது என்பது நம் பயிற்சியைப் பொறுத்தது. உதிரிப் பூ ஏழும் கைக்குள் அடங்கும். சரமாகத் தொடுத்தாலோ நூறு பூவையும் ஒரு கையால் தூக்கலாம்.

பயிலும் முறை எளிது. முதலில் பாட்டைப் பாடிப் பழகுங்கள். எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே பிரியுங்கள். ஒவ்வொரு பகுதியும் எந்தச் சுரத்தில் புறப்பட்டு எந்தச் சுரத்தில் சேர்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு 'ஸ'வை வேறு கட்டைக்கு மாற்றி வாசியுங்கள். வீடு மாறினாலும் வழி மாறாது.

அந்தத் தோழி மீண்டும் ஒருநாள் பாடினாள். மேடையேறும் முன், "இன்று ஒரு கட்டை கீழே" என்றாள். "பாடு" என்றேன். பாட்டு நிற்கவில்லை.