கட்டுமரம் முதல் சொகுசுப் படகு வரை: எக்ஸெல் தாளில் ஒரு கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல் தொகுப்பைத் திறந்தவுடன் போட்டுப் பார்ப்பது வீட்டுச் செலவுக் கணக்குதான். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். "இந்த எண்ணை மாற்றினால் என்ன ஆகும்?" என்ற கேள்விக்கு உடனே விடை தருவதுதான் எக்ஸெல்லின் உண்மையான பலம். இந்த மாதம் அதற்கு ஒரு படகை எடுத்துக்கொள்வோம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இதைச் செய்திடலாம்.

நம் ஊர்ச் சொல்

எங்கள் வேடந்தாங்கலில் பறவைகளைப் பார்த்துவிட்டு, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருந்தால், மணலில் ஏற்றி வைத்த மீன்பிடிப் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். இன்று பெரும்பாலும் பைபர் படகுகள். முன்பு இங்கே கட்டுமரம்தான். எடை குறைந்த மரத்துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டியது என்பதால் அந்தப் பெயர். அலை மேலே ஏறினாலும் தண்ணீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும்.

ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697ல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை அந்தப் பெயராலேயே குறிப்பிட்டார். 1876ல் அமெரிக்காவில் நத்தானியேல் ஹெரஷாப் என்ற வடிவமைப்பாளர், இரண்டு ஒல்லியான உடல்கள் கொண்ட பாய்மரப் படகைக் கட்டிப் போட்டியில் வென்றார். இத்தகைய படகுகளுக்கு 'கேட்டமரான்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெயர் நம்முடையது, இரட்டை உடல் அமைப்போ பசிபிக் தீவு மக்கள் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்தது.

மூன்று உடல் இருந்தால் அது டிரைமரான். 2012ல் சீனாவின் ஜுஹாய் நகரில் கட்டப்பட்ட 'அடாஸ்ட்ரா' என்ற சொகுசுப் படகு இந்த வகை. நீளம் 42.5 மீட்டர், அகலம் 16 மீட்டர். நடுவில் நீண்ட ஒல்லியான உடல், இரண்டு பக்கமும் சிறிய உடல்கள். அருகில் இருந்தபடி ஐபேட் மூலம் இயக்கும் வசதியும் இதில் உண்டு.

ஏன் இரண்டு உடல்?

கால்களைச் சேர்த்து வைத்து ஓடும் பஸ்ஸில் நின்று பாருங்கள். பிறகு அகட்டி நின்று பாருங்கள். வித்தியாசம் தெரியும். படகிலும் இதேதான். இனி கணக்குக்கு வருவோம்.

இரண்டு படகுகளும் 15 மீட்டர் நீளம், பெட்டி போன்ற வடிவம், 60 டன் எடை. முதல் படகுக்கு 4 மீட்டர் அகலத்தில் ஒரே உடல். இரண்டாவதற்கு 2 மீட்டர் அகலத்தில் இரண்டு உடல்கள். புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்து, முதல் நெடுவரிசையான ஏ-யில் கீழ்க்காணும் பெயர்களையும், பி-யில் முதல் படகின் எண்களையும், சி-யில் இரண்டாவது படகின் எண்களையும் டைப் செய்திடவும்.

1. ஓர் உடலின் அகலம், மீட்டரில்: 4, 2
2. படகின் நடுக்கோட்டிலிருந்து உடலின் மையம் இருக்கும் தூரம்: 0, 3
3. தண்ணீரில் அமிழும் ஆழம்: 1, 1
4. அடிப்பகுதியிலிருந்து எடை மையத்தின் உயரம்: 1.5, 1.5
5. மொத்த எடை, டன்னில்: 60, 60
6. ஒரு பக்கம் நகரும் பயணிகளின் எடை (ஆளுக்கு 60 கிலோ வீதம் 50 பேர்): 3, 3
7. அவர்கள் நகரும் தூரம்: 1.5, 3

அடுத்து இரண்டு பார்முலாக்கள். செல் எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்திட வேண்டும். இடையில் ஸ்பேஸ் வேண்டாம்.

பி8 செல்லில்: =(பி1*பி1/12+பி2*பி2)/பி3+பி3/2-பி4

பி9 செல்லில்: =பி6*பி7/(பி5*பி8)

இப்போது பி8, பி9 இரண்டையும் தேர்வு செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தை மவுஸால் பிடித்து சி நெடுவரிசைக்கு இழுக்கவும். பார்முலாவில் உள்ள பி எல்லாம் தானாகவே சி ஆக மாறிவிடும். மீண்டும் டைப் செய்திடத் தேவையில்லை.

விடை என்ன சொல்கிறது?

எட்டாவது வரிசை, சாய்ந்த படகு தானே நிமிரும் திறனைக் காட்டுகிறது. ஒற்றை உடலுக்கு 0.33, இரட்டை உடலுக்கு 8.33. இரண்டும் ஒரே எடைதான். உடல்களைத் தள்ளி வைத்ததால் மட்டும் 25 மடங்கு வித்தியாசம்.

ஒன்பதாவது வரிசை சரிவு. ஒற்றை உடலில் 0.225. அதாவது 10 அடி அகலத் தளத்தில் ஒரு ஓரம் மற்றதைவிட இரண்டேகால் அடி தாழ்ந்துவிடும். இரட்டை உடலில் 0.018தான், இரண்டு அங்குலத்துக்கு சற்று மேல். இத்தனைக்கும் அதில் பயணிகள் இரண்டு மடங்கு தூரம் நகர்ந்திருக்கிறார்கள்.

இப்போது பி4, சி4 செல்களில் 1.7 என மாற்றி என்டர் தட்டவும். பயணிகள் மேல்தளத்துக்கு ஏறியதால் எடை மையம் 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை உடலின் சரிவு 0.56 ஆகத் தாவுகிறது. 1.9 எனக் கொடுத்தால் பி8ல் மைனஸ் வரும். அந்தப் படகு நிமிர்ந்து நிற்கவே முடியாது. இரட்டை உடலிலோ பெரிய மாற்றமில்லை.

இது வெறும் எண் விளையாட்டு அல்ல. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பயணிகள் ஒரே பக்கம் திரண்டது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. படகில் "எல்லோரும் ஒரே பக்கம் போகாதீர்கள், மேலே ஏறாதீர்கள்" என்று சொன்னால் அது ஏன் என்பதற்கு உங்கள் ஒர்க்ஷீட்டிலேயே விடை இருக்கிறது.

மற்ற வசதிகளும் குறைகளும்

ஒல்லியான உடல் தண்ணீரை எளிதாகக் கிழித்துச் செல்லும். குறைந்த சக்தி போதும். மேல்தளம் அகலமாகக் கிடைக்கும். சொகுசுப் படகில் அது பெரிய வரவேற்பறை ஆகிறது. கேரளாவில் வைக்கம் - தவணக்கடவு இடையே 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா'வில் அந்த அகலம் சோலார் தகடுகளுக்குப் பயன்பட்டது. 75 பேர் செல்லும் இந்தப் படகும் கேட்டமரான்தான். 2023ல் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவின் மின் படகுகளும் இரட்டை உடல் கொண்டவையே.

குறைகளும் உண்டு. அகலம் அதிகம் என்பதால் துறையில் கட்டி நிறுத்தக் கூடுதல் இடம் வேண்டும். அளவுக்கு மேல் எடை ஏற்றினால், ஒல்லியான உடல்கள் ஆழமாக அமிழ்ந்து வேகம் குறையும். அலைகள் இரண்டு உடல்களுக்கும் நடுவே தளத்தின் அடியில் மோதும். எல்லாவற்றுக்கும் மேலாக, பேரலையில் ஒருமுறை கவிழ்ந்துவிட்டால் கேட்டமரான் தானே நிமிராது. தலைகீழாகவும் அதே உறுதியோடு மிதக்கும்!

நாம் போட்டது சிறிய சரிவுகளுக்கு மட்டும் பொருந்தும் தோராயக் கணக்கு. உண்மையான படகை வடிவமைக்கத் தனி மென்பொருட்கள் இருக்கின்றன. எனவே எத்தனை உடல் கொண்ட படகில் ஏறினாலும் லைப் ஜாக்கெட் அணிந்துகொள்ளுங்கள்.

பைலை சேவ் செய்துவிட்டு, சி2ல் உள்ள 3ஐ 2 எனவும், பிறகு 1 எனவும் மாற்றிப் பாருங்கள். 1 கொடுக்கும்போது இரண்டு உடல்களும் ஒட்டிக்கொள்ளும்; எட்டாவது வரிசையில் ஒற்றைப் படகின் 0.33 திரும்ப வரும். வந்தால் உங்கள் பார்முலா சரி என்று அர்த்தம்.