கிப்ஸ்கோலக்ஸ் நினைவுக் கம்பம்

மூலக் கம்பம்: 1872, மரம்
ஹைஸ்லா மக்கள், பிரிட்டிஷ் கொலம்பியா, கனடா

பெரியம்மை நோயில் குடும்பத்தாரையும் ஊராரையும் பறிகொடுத்த தலைவர் கிப்ஸ்கோலக்ஸ், அவர்கள் நினைவாக நிறுத்திய கம்பத்தின் பிரதி இது. மூலத்தின் உயரம் சுமார் 9 மீட்டர்.

அண்ணாந்து பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று உருவங்கள். உச்சியில் தொப்பி அணிந்திருப்பவர் ட்ஸூடா என்னும் தொன்மப் பாத்திரம். அடியில் இருப்பது நீருக்குள் வாழும் தொன்மக் கரடி. இவை வழிபாட்டுச் சிலைகள் அல்ல. ஒரு குடும்பத்தின் வரலாற்றையும் உரிமையையும் ஊரறியச் சொல்பவை. இவற்றைச் செதுக்கி நிறுத்தவும் ஒரு குடும்பத்துக்கு உரிமை வேண்டும்.

ஹைஸ்லா வழக்கப்படி, இத்தகைய கம்பம் தானாகச் சாய்ந்து மண்ணோடு மண்ணாக வேண்டும். மூலக் கம்பத்துக்கு அது வாய்க்கவில்லை. 1929-இல் அதை வெட்டிச் சுவீடனுக்குக் கொண்டுவந்தனர். ஹைஸ்லா மக்களின் சம்மதம் இல்லை. அது ஸ்டாக்ஹோமில் இருப்பதை 1991-இல்தான் அவர்கள் நேரில் கண்டனர். பல ஆண்டுகள் விடாமல் கேட்டு, 2006-இல் மீட்டனர்.

அதற்கு ஈடாக ஹைஸ்லா சிற்பிகளே செதுக்கித் தந்த கம்பம்தான் இங்கே நிற்கிறது. இன்னொரு பிரதி, மூலக் கம்பம் முன்பு நின்ற மிஸ்குசாவில் நிறுத்தப்பட்டது.