முதுகுவலிக்கு முன்பே

போடியில் முதுகுவலி என்றால் யாரும் திடுக்கிடுவதில்லை. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் பாடுபட்டுப் பொழுதுசாயத் திரும்புகிறவருக்கு இடுப்பு பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். எலும்புக்குப் பரவும் புராஸ்டேட் புற்றுநோய்க்கு இது நல்ல மறைவிடம். சிகிச்சை முடிந்தவருக்கு நோய் திரும்பினால் சில பத்தாண்டுகளுக்கு முன்பு எலும்பு வலிதான் பலருக்கும் முதல் தகவல். அப்போதிருந்த ஆசிட் பாஸ்பட்டேஸ் ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் நோய் பரவிய பிறகே ஏறிக் காட்டியது.

புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தை 1979இல் அமெரிக்காவின் பஃபலோ நகர ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். 1986இல் அந்நாடு ரத்தத்தில் இதன் அளவைப் பார்க்கும் பரிசோதனையை அனுமதித்தது, நோயைக் கண்டுபிடிக்க அல்ல. நோய் இருப்பது தெரிந்தவரைக் கண்காணிக்கத்தான். கண்டுபிடிக்கும் வேலைக்கு 1994இல்தான் அனுமதி.

சுரப்பியையே அகற்றிவிட்டால் ஓரிரு மாதத்தில் பி.எஸ்.ஏ. அளவிட முடியாதபடி இறங்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமைத் தொட்டு, மறுபரிசோதனையிலும் அப்படியே இருந்தால் நோய் திரும்பியதாகக் கொள்கிறார்கள். கதிர்வீச்சு பெற்றவருக்குச் சுரப்பி உள்ளேயே இருப்பதால் கணக்கு வேறு: இறங்கிய மிகக் குறைந்த அளவுக்கு மேல் 2 கூடினால் எச்சரிக்கை. இன்றைய நுண்ணிய பரிசோதனைகள் 0.01 வரை பார்க்கின்றன. இங்கேதான் வீணான பயமும் வருகிறது. 0.01 அடுத்த முறை 0.02 ஆனதற்காக உறக்கத்தைத் தொலைக்க வேண்டாம். ஒரே ஆய்வகத்தில் எடுத்த மூன்று நான்கு முடிவுகளை வரிசையாக வைத்தால்தான் ஏறுகிறதா என்பது புரியும். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

  இன்று இந்தப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போடிக்காரர்கள் மதுரை வரை போக வேண்டியதில்லை, தேனி போதும். வெறும் வயிறாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று தவணையைத் தள்ளுகிறவர்கள் உண்டு. நல்லாயிருக்கும்போது எடுப்பதற்குத்தான் இந்தப் பரிசோதனையே. அறுவைக்குப் பின் நோய் திரும்பினால், பி.எஸ்.ஏ. 0.5ஐத் தாண்டுமுன் கொடுக்கும் கதிர்வீச்சுக்குப் பலன் அதிகம்.

அந்தக் கதிர்வீச்சுக்கு வாரம் 5 நாளாக ஆறேழு வாரம் போக வேண்டியிருக்கும். முதல்வர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்கலாம்; அத்தனை நாள் தோட்டக் கூலியை யார் தருவது என்பதற்கு இன்னும் வழியில்லை.