பொய்க்கு விலங்கா, சான்றா?

பிரிட்டிஷ் நூலாசிரியர் டேவிட் இர்விங்குக்கு 2006 பிப்ரவரியில் வியன்னா நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அவர் எவரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. 1989-ல் ஆஸ்திரியாவில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், நாஜிகள் விஷவாயு அறைகளில் யூதர்களைக் கொன்றதை மறுத்தார். அந்த நாட்டில் அது குற்றம்.

இதைக் கேட்டு முதலில் மகிழ்ந்திருக்க வேண்டியவர் அமெரிக்கப் பேராசிரியை டெபரா லிப்ஸ்டாட். அவரோ மகிழவில்லை. வாயை அடைத்துப் பெறும் வெற்றி தமக்கு வேண்டாம் என்ற கருத்தையே தெரிவித்தார். அவர் வென்ற விதம் வேறு.

இர்விங்கை யூதப் படுகொலையை மறுப்பவர் என்று எழுதியதற்காக லிப்ஸ்டாட் மீதும் பெங்குவின் பதிப்பகம் மீதும் லண்டனில் மானநஷ்ட வழக்கு வந்தது. தொடுத்தவர் இர்விங்தான். இங்கிலாந்துச் சட்டப்படி, எழுதியது உண்மை என்று காட்டும் பொறுப்பு எழுதியவர் தலையில் விழும். ஆகவே கேம்பிரிட்ஜ் சரித்திரப் பேராசிரியர் ரிச்சர்ட் எவன்ஸ், இர்விங்கின் அடிக்குறிப்புகளை மூல ஆவணங்களோடு ஒப்பிட்டார்.

ஓர் உதாரணம் போதும். 1941 நவம்பர் 30-ம் தேதி ஹிம்லர் எழுதிய தொலைபேசிக் குறிப்பு, யூதர்களைக் கொல்ல வேண்டாம் என்ற பொதுக் கட்டளை என்பது இர்விங்கின் வாதம். குறிப்போ பெர்லினிலிருந்து சென்ற ஒரே ஒரு ரயிலைப் பற்றியது. அதில் சென்ற சுமார் 1,000 பேரும் அன்று காலையே ரீகா அருகே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர்!

2000 ஏப்ரலில் நீதிபதி சார்லஸ் கிரே, 300 பக்கங்களுக்கு மேற்பட்ட தீர்ப்பில், இர்விங் சான்றுகளை வேண்டுமென்றே திரித்தவர், யூத வெறுப்பாளர் என்று எழுதினார். வியன்னாவிலோ இர்விங் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தம் கருத்து மாறிவிட்டதாகக் கூறினார். மனம் மாறினாரா, சிறைக்கு அஞ்சினாரா என்று யார் சொல்வது? சுமார் 13 மாதங்களில் அவர் வெளியே வந்துவிட்டார்.

ஆனாலும் ஆஸ்திரியாவையும் ஜெர்மனியையும் எளிதில் குறை கூறிவிட முடியாது. கொலை நடந்த மண்ணில் மறுப்பு என்பது வெறும் கருத்தல்ல. தப்பிப் பிழைத்தவர்களைப் பொய்யர் என்று தூற்றுவது. மேலும் லண்டன் வழக்குக்குப் பல லட்சம் பவுன் செலவாயிற்று. அவதூறுக்கு ஆளாகும் எல்லாருக்கும் அத்தகைய பதிப்பகம் துணை நிற்குமா?

இந்தியாவில் பழைய 153ஏ பிரிவும், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவும் பார்ப்பது சரித்திரத்தின் மெய் பொய்யை அல்ல. பேச்சு சமூகங்களிடையே பகையை மூட்டுகிறதா என்பதையே. சரித்திரத்தைச் சரிபார்க்கும் வேலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாமல் ஆவணக் காப்பகத்திலேயே இருக்கட்டும்.