பார்த்த முகமும் பார்க்காத முகமும்

ஊர் பார்த்த படம் – 7

நட்சத்திரமே இல்லாத படத்துக்கு ரசிகர்கள் எங்கிருந்து வருவார்கள்? 2025 ஜூலை 25 அன்று ‘மகாவதார் நரசிம்மா’ ஐந்து மொழிகளில் வெளியானபோது எழுந்த முதல் கேள்வி இதுதான். சுவரொட்டியில் கதாநாயகன் இல்லை, கதாநாயகி இல்லை. இயக்குநர் அஸ்வின் குமாருக்கு இது முதல் படம். ‘கே.ஜி.எஃப்.’, ‘காந்தாரா’ எடுத்த ஹோம்பாளே நிறுவனம் வழங்குகிறது என்பதைத் தவிர ரசிகர்களை இழுக்கும் பெயர் எதுவும் இல்லை. முதல் நாள் வசூல் நாடு முழுவதும் சேர்த்தே இரண்டு கோடியைத் தொடவில்லை. ஓட்டம் முடிந்தபோது உலக அளவில் 300 கோடியைத் தாண்டியிருந்தது. இந்தியாவில் எடுக்கப்பட்ட வேறெந்த அனிமேஷன் படமும் அதுவரை அந்த உயரத்தின் பக்கத்தில்கூட வந்ததில்லை.

தியாகதுருகத்துக்காரர்கள் இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் மோதிக்கொண்ட மலைக்கோட்டையின் அடியில், சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கிறது ஊர். கிழக்கே போனால் உளுந்தூர்பேட்டை; அங்கிருந்து விழுப்புரம் போகிற வழியில் பரிக்கல் லட்சுமி நரசிம்மர். பரிக்கல், பூவரசங்குப்பம், சிங்கிரிகுடி என மூன்று நரசிம்மர்களையும் ஒரே நாளில் சேவித்துவிட்டுத் திரும்புவது இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் வழக்கம். தென்கிழக்கே, கடலூர் மாவட்டத்தில் ஸ்ரீமுஷ்ணம் பூவராகர். படத்தின் கதை வராக அவதாரத்தில் தொடங்கி நரசிம்ம அவதாரத்தில் முடிகிறது. டிக்கெட் எடுத்து உட்கார்ந்த குடும்பத்துக்கு இரண்டு தெய்வங்களும் ஏற்கெனவே அறிமுகமானவர்கள்.

கோயிலுக்கு அடுத்தது கூத்து. விழுப்புரம், கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பாரதக் கூத்துக்குப் போட்டியாக இரணியன் கதையும் விடிய விடிய நடக்கும். வேடம் நேராகக் களத்துக்கு வந்துவிடாது. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் நின்று இரணியன் பாடுவான். சலங்கைச் சத்தம் கேட்கும், கிரீடத்தின் நுனி தெரியும், முகம் தெரியாது. போன வருஷம் ஆடிய ஜமாவின் இரணியன் நன்றாக இருந்தானா, இந்த ஜமாவின் இரணியனா என்ற வாக்குவாதம் அந்தத் திரை விலகுவதற்கு முன்பே கூட்டத்தில் தொடங்கிவிடும். ஒரு படத்தின் முன்னோட்டத்தைக் கைபேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து விவாதிக்கும் இன்றைய இளைஞர்கள் செய்வதும் இதைத்தான்.

இரணியனைப் பற்றிய தமிழ்நாட்டு விவாதம் வேடத்தோடு நின்றதில்லை. 1934இல் பாரதிதாசன் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ நாடகத்தை எழுதிக் கதையையே புரட்டிப் போட்டார். அங்கே இரணியன் சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்ட தமிழ் வீரன். தஞ்சை மாவட்டத்து மெலட்டூரிலோ, நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரம் வழிபாடாகவே ஆடப்படுகிறது. நரசிம்மர் முகமூடி கோயிலில் பூஜையில் இருக்கிறது. அதை அணிபவர் விரதம் இருந்து அணிகிறார். ஒரே கதை ஓரிடத்தில் பக்தி, ஓரிடத்தில் அரசியல், ஓரிடத்தில் கூத்து. ‘மகாவதார் நரசிம்மா’ ஓடிய அரங்குகளில் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள் என்ற செய்தி வந்தபோது, மெலட்டூரை அறிந்தவர்களுக்கு அது புதுமையாகப் படவில்லை.

இந்த வெற்றியைப் புரிந்துகொள்ள, பதினோரு ஆண்டுகளுக்கு முன் தமிழ் ரசிகர்கள் இதைவிடப் பல மடங்கு ஆவலோடு காத்திருந்த இன்னொரு அனிமேஷன் படத்துக்குப் போக வேண்டும்.

‘கோச்சடையான்’.

ரஜினிகாந்த் நடித்த ‘எந்திரன்’ வெளியானது 2010 அக்டோபர் 1. அடுத்து ‘ராணா’ என்றார்கள். 2011 ஏப்ரல் 29, பூஜை போட்ட அன்றே அவருக்கு உடல்நலம் கெட்டது. சிங்கப்பூரில் சிகிச்சை முடிந்து அவர் ஜூலையில் சென்னை திரும்பும்வரை தமிழ்நாடு முழுவதும் கோயில்களில் அர்ச்சனையும் பால்குடமும் நடந்தன. ‘ராணா’ நின்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கத்தில் ‘கோச்சடையான்’ அறிவிக்கப்பட்டது. கதை, திரைக்கதை, வசனம் கே.எஸ். ரவிக்குமார், இசை ஏ.ஆர். ரஹ்மான். 2012 மார்ச்சில் லண்டனில் படப்பிடிப்பு தொடங்கியது. தேதி தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியாக 2014 மே 9 என்று உறுதியாகி, அதுவும் தவறி, மே 23 அன்று படம் வந்தது.

இடைப்பட்ட இரண்டு வருடங்களில் ரசிகர் மன்றங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் கல்லூரி விடுதிகளிலும் ஓடிய விவாதம் ஒன்றே ஒன்று: இது தலைவர் நடித்த படமா, தலைவர் மாதிரி ஒரு பொம்மை நடித்த படமா? நடித்த படம்தான் என்றவர்களிடம் ‘மோஷன் கேப்சர்’ என்ற பதில் இருந்தது. நடிகர் உடலோடு ஒட்டிய உடை அணிந்து, அதில் சின்னச் சின்னக் குமிழ்களைப் பொருத்திக்கொண்டு நடிப்பார். சுற்றிலும் உள்ள கேமராக்கள் அந்தக் குமிழ்கள் நகர்வதை மட்டும் பதிவு செய்யும். கணினிக்குள் இருக்கும் உருவத்தின் எலும்புகளும் மூட்டுகளும் அதே நகர்வை எடுத்துக்கொள்ளும். ஆகவே நடை அவருடையது, கைவீச்சு அவருடையது, குரலும் அவருடையது. மற்றவர்களின் பதில் எளிமையானது: கண்?

படம் வந்த பிறகு அந்த ஒற்றைச் சொல்தான் நின்றது. இந்தியாவில் யாரும் செய்யாததைச் செய்திருக்கிறார்கள் என்பதை மறுத்தவர்கள் குறைவு. 2009இல் மறைந்த நாகேஷைக் கணினி வழியாகத் திரைக்குத் திரும்பக் கொண்டு வந்ததைப் பார்த்து நெகிழ்ந்தவர்கள் பலர். ஆனால் ரஜினியின் முகத்தை நாற்பது வருடமாகப் பார்த்துப் பழகிய ரசிகருக்கு, அந்தப் புருவம் எப்போது ஏறும், உதடு எப்போது சுழியும் என்று மனப்பாடம். திரையில் இருந்த முகம் அதற்கு மிக அருகில் வந்தது. அருகில் வந்ததாலேயே மிச்சமிருந்த இடைவெளி உறுத்தியது.

இது ரஜினி படத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஜப்பானிய ரோபோ விஞ்ஞானி மசாஹிரோ மோரி 1970லேயே இதைப் பற்றி எழுதினார். மனிதரைக் கொஞ்சம் ஒத்திருக்கும் உருவத்தை நமக்குப் பிடிக்கும். ஒப்புமை கூடக் கூடப் பிரியமும் கூடும். ஆனால் கிட்டத்தட்ட மனிதர் என்ற இடத்துக்கு வந்து முழுதாகப் பொருந்தாமல் நிற்கும்போது மனம் சட்டென்று விலகும் என்றார். 2004இல் ஹாலிவுட் எடுத்த ‘தி போலார் எக்ஸ்பிரஸ்’ படத்தையும் அதன் பாத்திரங்களின் உயிரில்லாத கண்களுக்காகத்தான் விமர்சித்தார்கள். 2009இல் வந்த ‘அவதார்’ படத்தில் ஜேம்ஸ் கேமரூன் நடிகர்களின் அசைவையும் முகபாவத்தையும் எடுத்து, நீலத் தோலும் பெரிய கண்ணும் வாலும் கொண்ட வேற்றுக்கிரகவாசிகளுக்குக் கொடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒரு முகம் பூமியில் இல்லை.

நரசிம்மர் முகமும் அப்படித்தான். கல்லில் பார்த்திருக்கிறோம், ஓவியத்தில் பார்த்திருக்கிறோம், கூத்தில் முகமூடியாகப் பார்த்திருக்கிறோம். தூணைப் பிளந்து வரும்போது பார்த்தவர் யாரும் இல்லை. ‘மகாவதார் நரசிம்மா’வின் மனிதப் பாத்திரங்கள் விறைப்பாக நடக்கின்றன, கூட்டத்தில் இருப்பவர்களின் முகங்களில் உயிரில்லை என்று குறை சொன்னவர்கள் நிறையப் பேர். அந்தக் குறை நியாயமானதும்கூட. ஆனாலும் சாம் சி.எஸ். இசை எழும்ப, தூண் பிளக்கும் அந்தக் கடைசிப் பகுதியில் அரங்கம் எல்லாவற்றையும் மன்னித்தது. ‘விக்ரம் வேதா’வுக்கு இசையமைத்தவர் இவர்தான் என்று தமிழ் ரசிகர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டதற்கும் காரணம் உண்டு. படத்தின் உச்சத்தைத் தாங்கியதில் அந்த இசைக்குப் பெரிய பங்கு.

தொழில்நுட்பத்தில் ‘கோச்சடையான்’ பெரிய துணிச்சல், அதில் சந்தேகமில்லை. அது தேர்ந்தெடுத்த முகம்தான் அதற்கு எதிராக நின்றது. பார்த்த முகத்தை வரைவது கடினம். பார்க்காத முகத்தை வரையும்போது பார்ப்பவரின் மனமும் கூடவே வரைகிறது. அடுத்த அனிமேஷன் படத்துக்காகக் காத்திருக்கும் ரசிகர்களும் அதை எடுப்பவர்களும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது.

முகத்துக்கு அடுத்த சண்டை குரலில். 2007 ஏப்ரலில் தொடங்கிய சுட்டி டிவி, டோராவையும் புஜ்ஜியையும் ஜாக்கி சானையும் தமிழில் பேசவைத்தது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். பெயர் தெரியாத பின்னணிக் கலைஞர்களின் குரல்தான் அவர்களுடைய குழந்தைப் பருவத்தின் குரல். அதனால் 2019 ஜூலையில் ‘தி லயன் கிங்’ தமிழில் வந்தபோது, ஸ்கார் சிங்கத்துக்கு அரவிந்த் சுவாமி, சிம்பாவுக்குச் சித்தார்த் என்ற அறிவிப்பு பெரிய விவாதத்தைக் கிளப்பியது. நட்சத்திரம் பேசினால் கூட்டம் வரும் என்றது ஒரு தரப்பு. சிங்கத்தைப் பார்க்கும்போது நடிகர் ஞாபகம் வரக் கூடாது என்றது மறு தரப்பு. முடிவில் ரசிகர்கள் அதிகம் கொண்டாடியது டைமோனாகப் பேசிய சிங்கம்புலியையும் பும்பாவாகப் பேசிய ரோபோ சங்கரையும். ஆங்கில வசனத்தை அப்படியே ஒப்பிக்காமல் நம் ஊர்ப் பேச்சில் பேசியதால் குழந்தைகளும் சிரித்தார்கள், கூட வந்த தாத்தா பாட்டிகளும் சிரித்தார்கள்.

குடும்பப் படம் என்பதற்கு அதுதான் அடையாளம். கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி அரங்குக்கு இறங்கி வரும் குடும்பத்தில் மூன்று தலைமுறை இருக்கும். பேருந்துச் செலவு, டிக்கெட், இடைவேளைத் தின்பண்டம் எல்லாம் சேர்த்துப் போடும் பணத்துக்குப் படம் மூவருக்கும் பிடித்தாக வேண்டும். பொம்மைப் படம் என்றால் பிள்ளைகளுக்கு மட்டும் என்று அரங்கு வாசலோடு திரும்பிய காலம் 2025இல் மாறியது. சீனாவில் அதே ஆண்டு ஜனவரி 29 அன்று வெளியான ‘நே ஜா 2’, அந்நாட்டுப் புராணச் சிறுவன் ஒருவனின் கதை. உலக வரலாற்றில் அதிகம் வசூலித்த அனிமேஷன் படமானது அது. பெரியவர்கள் தங்களுக்குத் தெரிந்த கதையைக் காட்டப் பிள்ளைகளைக் கூட்டிப் போனதும் அந்த வெற்றிக்கு ஒரு காரணம்.

இப்போது எல்லோரும் எதிர்பார்ப்பது 2027. அஸ்வின் குமாரும் ஹோம்பாளேயும் 2037வரை நீளும் ஏழு படங்களின் வரிசையை அறிவித்திருக்கிறார்கள். அதில் இரண்டாவது ‘மகாவதார் பரசுராம்’. நரசிம்மருக்குக் கிடைத்த மன்னிப்பு பரசுராமருக்குக் கிடைக்காது. முதல் படத்தின் வசூலுக்குப் பிறகும் நடை விறைப்பாக இருந்தால் ரசிகர்கள் விட மாட்டார்கள். அதைவிடப் பெரிய சோதனை கதையில் இருக்கிறது.

பரசுராமர் தந்தை ஜமதக்னி சொல்லைத் தட்டாமல் தாய் ரேணுகாவின் தலையைக் கோடரியால் வெட்டுகிறார். பிறகு வரம் கேட்டு அவளை உயிர்ப்பிக்கிறார். புராணம் இதோடு நிறுத்திக்கொள்கிறது. வட தமிழ்நாடு நிறுத்தவில்லை. அவசரத்தில் ரேணுகாவின் தலை வேறொரு பெண்ணின் உடலோடு பொருத்தப்பட்டது, அவளே மாரியம்மன் ஆனாள் என்கிறது இங்கே வழங்கும் கதை. திருவண்ணாமலை மாவட்டம் படவேட்டில் ரேணுகாம்பாளை வணங்குகிறார்கள். வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் வைகாசியின் முதல் நாள் கெங்கையம்மன் சிரசை ஊர்வலமாகத் தூக்கி வந்து உடலில் பொருத்தும் திருவிழாவுக்குப் பெருங்கூட்டம் திரள்கிறது. தியாகதுருகத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாரியம்மன் கோயில் இல்லாத ஊரைக் காண்பது அரிது. இந்த மக்களுக்கு ரேணுகா, கதையில் நடுவே வந்து போகும் ஒரு தாய் அல்ல. ஆடியில் கூழ் ஊற்றுவது அவளுக்குத்தான்.

அந்தக் காட்சியைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அரங்கில் எப்படிக் காட்டுவார்கள்? கோடரி ஓங்கியதும் திரையை இருட்டாக்கிவிட்டு அடுத்த காட்சிக்குப் போவார்களா? மகனின் கீழ்ப்படிதலைக் கொண்டாடிவிட்டுத் தாயை மறந்துவிடுவார்களா? அல்லது உயிர்த்தெழுந்த ரேணுகாவுக்குத் திரையில் இடம் கொடுத்து, தெற்கே அவள் அம்மனாக நிற்பதற்கு ஒரு சிறு குறிப்பாவது தருவார்களா? வன்முறையைக் குறைப்பது எளிது. ஒரு தாயின் பக்கத்தைச் சொல்வதற்குத்தான் கதைசொல்லியின் திறமை வேண்டும். ஐந்து மொழிகளில் வெளியிடும் நிறுவனம், அந்த மொழிகளைப் பேசும் மக்கள் இதே கதையை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது கடமை. கேட்பதற்குப் படவேடும் குடியாத்தமும் இருக்கின்றன. கூத்து ஜமாக்களும் இருக்கின்றன.

அடுத்த வாரம்: ஜப்பானியரான யூகோ சாகோ 1990களின் தொடக்கத்தில் இந்தியாவின் ராம் மோகனோடு சேர்ந்து எடுத்த ராமாயண அனிமேஷன் படம், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து 2025 ஜனவரி 24 அன்று தமிழ் பேசிக்கொண்டு திரையரங்குக்கு வந்த கதை.