பாம்பன் கடலைக் கடந்த மெயில்

கொழும்புக் கோட்டையிலே பயணச்சீட்டொன்றை வாங்கிக்கொண்டு, சென்னை எழும்பூரிலே போய் இறங்கிய காலம் ஒன்றிருந்தது. தலைமன்னார் வரை நமது புகையிரதம். அங்கிருந்து ஏறக்குறைய 22 மைல் கப்பல். தனுஷ்கோடியில் மறுபடியும் புகையிரதம். ‘போட் மெயில்’ என்று இரு கரையினரும் வழங்கிய இப்பாதை 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் தூத்துக்குடியிற் கப்பலேறியே கொழும்பு வந்து சேரவேண்டியிருந்தது.

இப்பாதையின் உயிர்நிலை பாம்பன் பாலமாகும். மண்டபத்துக்கும் இராமேசுவரத் தீவுக்கும் இடைப்பட்ட கடலின்மீது இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான நீளத்திற் கட்டப்பெற்ற அது, 1914 பெப்ரவரி 24ஆந் திகதி திறக்கப்பட்டது. மேலே புகையிரதம் ஓடவேண்டும். அதே இடத்தைக் குறுக்கறுத்துக் கப்பல்களும் போகவேண்டும். இரண்டையும் எவ்வாறு இசைவிப்பது? ஷெர்சர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் வகுத்த முறை இதற்குக் கைகொடுத்தது. கப்பல் செல்லும் கண்ணில் எதிரெதிராக இரண்டு இரும்புச் சிறகுகள். கப்பல் வருகையில் இருபுறமும் தொழிலாளர் நின்று நெம்புகோல்களைத் தள்ளிச் சுற்றுவர். ஆடுநாற்காலி பின்புறம் சாய்வதுபோலச் சிறகுகள் உருண்டு வானை நோக்கி எழும். நீராவியுமன்று, மின்சாரமுமன்று, மனிதரின் தோள்வலிமையே அதனைத் திறந்தது. விமானமும் ரொக்கற்றும் வந்த பின்னரும் இவ்வழக்கம் மாறவில்லை என்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

காற்றுக்கும் இங்கே அதிகாரமுண்டு. அதன் வேகத்தை அளக்கப் பாலத்திற் கருவி பொருத்தப்பட்டது. மணிக்கு 58 கிலோமீற்றரை அது தாண்டினால் வண்டிக்கு வழி கிடையாது.

யாத்திரிகரும் வணிகரும் மட்டுமா இவ்வழியால் வந்தனர்? நமது மலைநாட்டுத் தோட்டங்களுக்கெனத் திரட்டப்பட்ட தொழிலாளரும் வந்தனர். மண்டபத்திலே இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் அவர்களைத் தடுத்துவைத்து, நோய் பரிசோதித்த பின்னரே இக்கரைக்கு அனுப்பினர். ‘மண்டபம் முகாம்’ என்றே அங்கு ஒரு புகையிரத நிலையத்துக்குப் பெயராயிற்று.

1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன்பின் இரண்டு மாதங்கூடச் செல்லவில்லை. டிசம்பர் 22ஆந் திகதி இரவு கடல் பொங்கியது. தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த 653ஆம் இலக்கப் பயணிகள் வண்டியை அலைகள் விழுங்கின. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோருள் ஒருவரும் தப்பவில்லை. தனுஷ்கோடிப் பட்டினம் அழிந்தது. பாம்பன் பாலத்தில் 126 கண்களின் உத்திரங்களைக் கடல் கொண்டுபோயிற்று. திறந்து மூடும் சிறகுகள் மாத்திரம் நிலைத்து நின்றன.

பாலத்தைச் செப்பனிட ஆறு மாதத் தவணை குறிக்கப்பட்டு, பின்னர் அது மூன்று மாதமாகச் சுருக்கப்பட்டது. பொறுப்பேற்ற ஈ. ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 32. கடலடியிற் கிடந்த உத்திரங்களை மீனவர் காட்டிக்கொடுக்க, அவற்றை மீட்டெடுத்துப் பொருத்தி, 46 நாட்களில் வேலையை முடித்தார். பிற்காலத்தில் கொங்கண் புகையிரதப் பாதையையும் டெல்லி மெட்ரோவையும் அமைத்தவர் இவரே.

ஆயினும் தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பவில்லை. கப்பல் இராமேசுவரத்துக்கு மாறியது. ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை பெற்ற தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமன்னாரிற் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபத்துக்கே போய்ச் சேர்ந்தன. பாட்டன் எந்தப் பாலத்தைக் கடந்து வந்தானோ, அதே பாலத்தைப் பேரன் எதிர்த்திசையிற் கடந்தான். அவனோ அந்நாட்டை ஒருநாளும் கண்டவனல்லன். 1980களில் நமது நாட்டிற் கலவரம் மூண்டபின் அந்தக் கப்பலும் நின்றது. போரில் அழிந்த தலைமன்னார்ப் பாதை 2015 மார்ச்சில் இறங்குதுறை வரை மீண்டும் திறக்கப்பட்டது.

பழைய பாலத்தின்மீது 2022 டிசம்பருடன் ஓட்டம் நின்றது. அதனருகே எழுப்பிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆந் திகதி திறக்கப்பட்டது. இதில் சிறகுகள் இல்லை. 72.5 மீற்றர் நீளமான கண் ஒன்று மின்மோட்டார்களால் 17 மீற்றர் உயரத்துக்கு நேரே மேலெழுகிறது. கப்பல் போனபின் இறங்கித் தண்டவாளத்தோடு பொருந்துகிறது. சென்னையிலிருந்து இரவில் புறப்படும் வண்டி இதன்மீது சென்று இராமேசுவரத்தில் நிற்கிறது. அவ்வூரார் பலர் இன்னும் அதனைப் ‘போட் மெயில்’ என்றே அழைக்கின்றனர்.